கையெழுத்துப் போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

மதுரை கோரிப்பாளையத்தில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதிலேயே இ-சேவையும் பார்க்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். பிளாஸ்டிக் உறைக்குள் மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு. அப்பாவோ மாமாவோ முன்னால் நிற்பார், பிள்ளை பின்னால் நிற்கும். நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி வந்துவிடும்: "நீங்க தினம் பாக்குறீங்க, எந்தக் காலேஜ்ல போட்டா நல்லது?"

இத்தனை வருஷம் மார்க்கையும் பஸ் ரூட்டையும் வைத்து ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த வருஷம் அந்தக் கேள்வி என் வீட்டிலிருந்தே வந்தது. அக்கா பேரையூர் பக்கம் இருக்கிறாள். அவள் மகளுக்கு மாலைக்கண். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் என்றார்கள். நேராகப் பார்ப்பது தெரியும், பெரிய எழுத்தாக இருந்தால் படித்துவிடுவாள். பக்கவாட்டுப் பார்வை வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே வருகிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவள், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். பொருளாதாரம்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மூன்று இடம் கைக்கு வந்தது. ஒன்று அரசுக் கல்லூரி. இன்னொன்று நகரத்துக்குள் இருக்கும் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி, அதாவது நாம் எயிடட் என்று சொல்வது. மூன்றாவது ரிங் ரோட்டைத் தாண்டி இருக்கும் சுயநிதிக் கல்லூரி, நம் வாயில் எஸ்எஃப். நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அக்காவோடும் பாப்பாவோடும் மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தேன். மார்க், ஃபீஸ், பேர் இதையெல்லாம் ஒப்பிட ஊரில் ஆள் இருக்கிறது. நான் ஒப்பிட்டது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்கு ஒரு தேவை வந்தால் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், அவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் இருப்பாரா.

சுயநிதிக் கல்லூரியில் வரவேற்பு பிரமாதமாக இருந்தது. ஏசி அறை, டீ, கலர் புத்தகம். "மாணவர் ஆதரவு மையம்" என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. உள்ளே நுழைந்தால் நாலு புது கம்ப்யூட்டர், உறைகூடப் பிரிக்காமல். யார் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். போன வருஷம் ஒரு மேடம் இருந்தார், இப்போது இல்லை, சீக்கிரம் ஆள் போடுவோம் என்றார்கள். இந்த இடத்தில் எனக்குப் பல வருஷத்து முகங்கள் ஞாபகம் வந்தன. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் என் கடைக்கு அனுபவச் சான்று ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள், வேறு இடம் மாறுவதற்காக. சம்பளம் பற்றாது, இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கண் எப்படி என்று தெரிந்துகொண்ட ஒரே ஆள் போய்விட்டால், அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உயர்கல்விக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அது. அரசுக் கல்லூரியையும் அரசின் உதவி பெறும் கல்லூரியையும்தான் அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மதுரையில் பல எயிடட் கல்லூரிகளின் வளாகத்துக்குள்ளேயே எஸ்எஃப் பிரிவும் நடக்கிறது. ஒரே கேட், ஒரே மரம், ஒரே பெயர்ப் பலகை. ஆனால் பெற்றோருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபீஸ் ரசீது வந்த பிறகுதான் தெரிகிறது. சில இடங்களில் எஸ்எஃப் வகுப்பு மதியத்துக்கு மேல் தொடங்கி இருட்டும் நேரத்தில்தான் முடியும். மற்ற பிள்ளைக்கு அது சின்ன விஷயம். மாலைக்கண் உள்ள பிள்ளைக்கு மார்கழி மாதம் ஆறு மணிக்கு வகுப்பு முடிந்தால் அதுவே பெரிய மதில். அட்மிஷன் மேஜையில் முதலில் கேட்க வேண்டியது, "இந்த சீட் எயிடடா, எஸ்எஃப்பா, எத்தனை மணிக்கு விடுவீர்கள்?"

அரசுக் கல்லூரியில் எனக்குப் பிடித்தது செலவு. கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கு அழைப்பு வந்துவிடும். அந்த டிக்கை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சான்று இன்னும் வரவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. அப்புறம் என்பது வருவதேயில்லை. என் கடையில் இப்போது நானே கேட்டுவிடுகிறேன், கூச்சப்பட்டாலும் பரவாயில்லை என்று.

அரசுக் கல்லூரித் துறைத் தலைவரும் நல்ல மனுஷி. பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பார்த்தார். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் வசதி என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் வெளியே வரும்போது அவரே சொன்னார், "நான் அடுத்த டிரான்ஸ்ஃபர்ல ஊர்ப்பக்கம் போயிருவேன்மா." அரசுக் கல்லூரியில் இடமாறுதல் உண்டு. எயிடட் கல்லூரி ஆசிரியர் பெரும்பாலும் சேர்ந்த கல்லூரியிலேயே ஓய்வு பெறுகிறார். முதல் வருஷம் பாப்பாவின் கண்ணைப் புரிந்துகொண்டவர் மூன்றாம் வருஷமும் அதே வராண்டாவில் இருப்பார் என்பது, கண்ணாடிக் கதவில் எழுதிய எந்த மையத்தையும் விடப் பெரிய வசதி.

அடுத்தது தேர்வு. நான் அதிகம் பார்த்ததும், அதிகம் கவலைப்படுவதும் இதில்தான்.

இரண்டு வருஷம் முன்னால் முழுப் பார்வையில்லாத ஒரு பையன் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தான். வேறொரு மாவட்டத்தில் படித்தவன், எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. ஒரு பாடத்தில் மட்டும் அரியர் இருந்தது. என்னப்பா என்று கேட்டபோது சொன்னான். பரீட்சை பத்து மணிக்கு. எழுதித் தரும் பிள்ளையோடு ஒன்பதரைக்கே போய்விட்டான். ஆனால் அவனுக்கான அனுமதிக் கடிதம் வரவில்லை. கல்லூரி ஆபீஸில் அவன் கொடுத்த விண்ணப்பம் மேலே போகவே இல்லை, ஃபைலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வராண்டாவில் நின்றிருக்கிறான். உள்ளே கேள்வித்தாள் கொடுக்கும் சத்தம் கேட்டதாம். "அக்கா, எனக்கு ஆன்சர் தெரியும்கா" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் மூன்று இடத்திலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எழுதித் தரும் ஆளுக்கும் கூடுதல் நேரத்துக்கும் அனுமதி தருவது யார்? இங்கேதான் தன்னாட்சி என்ற வார்த்தைக்கு அர்த்தம் வருகிறது. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா இவையெல்லாம் தன்னாட்சிக் கல்லூரிகள். கேள்வித்தாள், தேர்வு, திருத்தல் எல்லாம் அந்த வளாகத்துக்குள்ளேயே. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்றொருவர் அங்கேயே ஒரு அறையில் இருக்கிறார். தன்னாட்சி இல்லாத, பல்கலைக்கழகத்தோடு இணைப்பு மட்டும் பெற்ற கல்லூரியில் தேர்வு பல்கலைக்கழகத்தினுடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேனி ரோட்டில் நாகமலையைத் தாண்டிப் பல்கலை நகரில் இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரியிலிருந்து அங்கே போய், அனுமதி திரும்பி வர வேண்டும். அதில் தப்பு ஒன்றுமில்லை, அது நடைமுறை. ஆனால் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு மாதம் முன்பே போய் விசாரிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் அதே வேலைக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

விதி என்ன என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கேட்பதற்கு அது தெம்பு தரும். மத்திய அரசின் தேர்வு வழிகாட்டு நெறிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் தேவைப்பட்டால் எழுதித் தரும் ஆள் கிடைக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, விகாஷ் குமார் வழக்கில். எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. இந்த வழக்கின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே சில ஆபீஸ்களில் பேச்சின் தோரணை மாறுகிறது. பார்த்திருக்கிறேன்.

எயிடட் கல்லூரியில் அந்த அலுவலர் ஐந்து நிமிஷம்தான் பேசினார். சிரிக்கவில்லை, டீ தரவில்லை. "டிசபிலிட்டி சர்டிபிகேட் காப்பி ஒன்னு, லெட்டர் ஒன்னு. செமஸ்டர் ஆரம்பத்திலயே குடுத்துருங்க. கொஸ்டின் பேப்பர் பெரிய எழுத்துல வேணும்னா அதையும் லெட்டர்ல எழுதுங்க." பாப்பா உடனே கேட்டாள், "கிராஃப் வரைய வேண்டிய கேள்வி வந்தா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குப் பதிலாக விளக்கி எழுதும் கேள்வி தரலாம், ஆனால் துறையிலிருந்து எழுதித் தர வேண்டும் என்றார். பொருளாதாரத்தில் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் இல்லாத தாள் கிடையாது. மூன்று இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டோம். என்ன செய்ய வேண்டும், யார் எழுத வேண்டும் என்று பதில் வந்தது இங்கே மட்டும்தான்.

இனி உதவித்தொகை. இதில் மூன்று கல்லூரிக்கும் அதிக வித்தியாசமில்லை. பணம் வருவது அரசிடமிருந்து, ஆனால் கல்லூரியில் இருக்கும் ஒருவர் கம்ப்யூட்டரில் அனுப்பினால்தான் வரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். அஞ்சல் வழியில் படித்தால் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்காக என் கடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பி.ஏ., பி.எஸ்சி. சேரப்போகிறவர்கள். அந்தச் சான்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு. 60 ரூபாய் கட்டி, விஏஓ, ஆர்ஐ என்று அலைந்து வாங்கி வந்த பிறகு அதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணம் நிற்பது பெரும்பாலும் ஒரு புள்ளியில். நிஜமாகவே புள்ளிதான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கும், பாங்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஆதார் சீடிங் ஆகாத, அதாவது ஆதாரோடு இணைக்காத கணக்குக்குப் பணம் ஏறாது. பாப்பாவின் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. பெயரில் ஒரு எழுத்து இரட்டித்திருந்தது, அவ்வளவுதான். என் கையாலேயே டைப் அடித்தது. மறுபடி போட்டு வாங்க ஏழு வாரம் ஆனது. ஜூனில் கல்லூரி சேர வேண்டுமென்றால் இந்த வேலையைப் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதை அதில்தான் படித்துக்கொண்டேன்.

கல்லூரியில் கேட்க வேண்டியது, புதுமைப் பெண் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நோடல் ஆபீசர் யார், யுஎம்ஐஎஸ் என்ற மாணவர் பதிவு எண்ணை யார் போட்டுத் தருகிறார்கள் என்பது. பெயர் சொல்லத் தெரிந்தால் அந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். "ஆபீஸ்ல கேளுங்க" என்றால் கொஞ்சம் பயப்படலாம்.

விடுதியில்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அக்காவுக்கு அரசு விடுதி மேல் ஆசை. தங்குவதும் சாப்பாடும் இலவசம். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று தனித்தனியாக இருந்த இவற்றுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பக்கத்துக்குக் கள்ளர் சீரமைப்பு விடுதிகளும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. கையில் காசில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. இந்த விடுதிகள் இல்லையென்றால் மதுரையில் படித்திருக்கவே முடியாத எத்தனையோ பிள்ளைகள் என் கடைக்கு வந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் பாப்பாவுக்கு? நாங்கள் பார்த்த விடுதியிலிருந்து கல்லூரிக்கு ஒரு பஸ், அப்புறம் ஒரு ரோடு கடக்க வேண்டும். கோரிப்பாளையம் சிக்னலை ஒரு நாள் சாயங்காலம் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டில் வரும் பைக் அவளுக்குத் தெரியாது. பாப்பாவின் அப்பா, என் மாமா, சொன்னார், "பஸ் ஃப்ரீ, விடுதி ஃப்ரீ, இதவிட என்ன வேணும்?" பாப்பா மெதுவாகச் சொன்னாள், "லைட்டு வேணும்ப்பா." அதற்குமேல் யாரும் பேசவில்லை. எயிடட் கல்லூரியின் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மெஸ் பில் உண்டு. மாதம் வரும் ஆயிரம் அதில் ஒரு பங்கைத் தாங்கும், மீதியை நானும் மாமாவும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பார்வை நன்றாக உள்ள, ஊரைச் சுற்றத் தெரிந்த பிள்ளையாக இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அரசு விடுதி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லாப் பிள்ளைக்கும் கல்லூரிதான் முதல் வாசல் என்று நினைத்துவிடக் கூடாது. போன வருஷம் ஒரு திருநங்கை மாணவி கடிதம் டைப் அடிக்க வந்தாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயரைத் தன் பெயராகவே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. கல்லூரியில் யாருக்கும் மனசில்லாமல் இல்லை, எந்தக் காகிதத்தை வைத்து மாற்றுவது என்று தெரியவில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மாவட்ட ஆட்சியர். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அடையாளச் சான்று அவர் தர வேண்டும், விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது. கல்லூரியில் சேரும் திருநங்கையர், திருநம்பியரின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆகவே அவளைப் போன்ற பிள்ளைக்குக் கலெக்டர் ஆபீஸ் முதலில், கல்லூரி இரண்டாவது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு போனால் வரிசை நீளம்தான், ஆனால் மனுவுக்கு எண் விழுந்துவிடும். நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளைதான் 2019-இல் திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணமகள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கட்டடத்தின் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மாணவியின் ஞாபகம் வரும்.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. இவர்களிடம் மற்றவர்களிடம் இருக்கும் சான்றுகள் இருக்காது, முகாம் அடையாள அட்டைதான் இருக்கும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி ஒவ்வொன்றிலும் இவர்களுக்கு 5 இடம் தனியாக உண்டு, அந்த அட்டையின் நகல் கொடுத்தால் போதும். இது பல வார்டன்களுக்கே உடனே ஞாபகம் வராது. கல்வி விஷயத்தில் இவர்களுக்குப் பழக்கமான அமைப்பு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், 1984-இலிருந்து இருக்கிறது. முகாமில் முன்னால் படித்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் அவர்களைக் கேட்பது எல்லாவற்றையும் விட வேகம்.

சாதி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்தில் "எந்த ஊரு?" என்று கேட்டு, அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். எஸ்.சி./எஸ்.டி. பிரிவும் சம வாய்ப்புப் பிரிவும் கல்லூரிக்குக் கல்லூரி இருக்க வேண்டும். 2012-லேயே யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதி போட்டாயிற்று. போர்டில் பெயர் இருக்கும். அந்தப் பெயரை இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் சொல்லி, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் கேட்டபோது நாலு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இரண்டிலும் தெரிந்திருந்தது. ராகிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், 1800-180-5522 என்ற எண்ணில் நேரடியாகச் சொல்லிவிடலாம்.

மனசு சரியில்லாத நேரத்துக்கு யார்? 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று கல்லூரியிலும் இருக்கிறார் என்றார்கள். நான் கேட்டது, அவர் வகுப்பும் எடுக்கிறாரா என்று. இன்டர்னல் மார்க் போடுகிற டீச்சரிடம் எந்தப் பிள்ளையும் அழாது. இந்த ஒன்றில் எயிடட் கல்லூரி தோற்றது. அங்கே ஆலோசகர் ஒரு துறை ஆசிரியர்தான். அரசுக் கல்லூரிக்கு வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், அது மேல். அதனால் பாப்பாவின் போனில் 14416 என்ற எண்ணைப் போட்டு வைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, ராத்திரியிலும் தமிழில் பேசலாம், காசில்லை. நேரில் போக வேண்டுமென்றால் ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992-இலிருந்து மதுரையில் மனநல வேலை செய்யும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இருக்கிறது.

வெளி அமைப்புகள் எதற்கும் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் கல்லூரியால் தர முடியாத ஒன்றை அவர்கள் தருகிறார்கள், அது பழக்கம். அழகர்கோவில் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. தானே பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கியது. அங்கே போனபோதுதான் பாப்பா முதல்முதலாகத் தன்னைப் போன்றவர்களை, தன்னைவிடக் குறைவாகத் தெரிகிறவர்களை, வேகமாக நடந்து போகப் பார்த்தாள். அவள் வாயே திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "சித்தி, வெள்ளைக் கோல் பிடிக்கக் கத்துக்கவா?" என்று கேட்டாள். பதினேழு வயசு வரைக்கும் அந்தக் கோலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அழுகிற பிள்ளை.

அரவிந்தில் குறைபார்வைப் பிரிவில் உருப்பெருக்கிக் கண்ணாடி எது பொருந்தும் என்று பார்த்துச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளுக்குக் காசு கிடையாது, என் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் கொடுத்தேன். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ஆம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம், நல்ல நாற்காலி, லிஃப்ட். சனிக்கிழமைகளில் பகல் முழுக்க அங்கே இருக்கலாம். இந்த மூன்றும் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும். ஒரு கல்லூரி, "எங்களிடமே எல்லாம் இருக்கிறது, வெளியே போக வேண்டாம்" என்று சொன்னால் அதை நான் பலமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் கல்லூரி வெளியே அனுப்பும், அதற்கு வருகைப் பதிவு தரும் என்பதைத்தான் பார்ப்பேன்.

எயிடட் கல்லூரியில்தான் சேர்த்தோம். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று எல்லாரும் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் நான் அக்காவைப் போக விடவில்லை. இருட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். ஆறே முக்காலுக்குப் பாப்பா விடுதி வாசலிலிருந்து நூலகத்துக்குத் தனியாக நடந்தாள், நாங்கள் பத்தடி பின்னால். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். 214 அடி. வேப்ப மரத்துத் திருப்பத்தில் மட்டும் நின்றுவிட்டாள், அங்கே விளக்கு இல்லை. திரும்பி வந்து வார்டனிடம் அவளே சொன்னாள். வார்டன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து, தேதி போட்டு, "வேப்ப மரம், லைட்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் எங்கெங்க தெரியல, சொல்லும்மா" என்றார்.